ஒவ்வாமையும் தன்னுடல் தாக்குநோயும்: பிழை எங்கே வேறுபடுகிறது?

இரண்டுக்கும் “எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது” என்றே பலர் காரணம் சொல்கிறார்கள். அது தவறு. இரண்டிலும் பிழை, யாரைத் தாக்குவது என்பதில்தான்.

ஒவ்வாமையில் தாக்கப்படுவது வெளியிலிருந்து வரும் அப்பாவிப் பொருள்: மகரந்தம், தூசுப்பூச்சி, வேர்க்கடலைப் புரதம். அதை எதிரியாகக் கருதி உடல் ‘இம்யூனோகுளோபுலின் ஈ’ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. மறுமுறை அதே பொருள் நுழைந்ததும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள், ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களிலேயே தும்மல், தடிப்பு, வீக்கம்.

தன்னுடல் தாக்குநோயிலோ இலக்கு நம் சொந்தத் திசு. எதிர்ப்புப் பணி செய்யும் வெள்ளை அணுக்களான டி செல்களில் தன்னுடலைத் தாக்கக்கூடியவற்றைத் தைமஸ் சுரப்பி பெரும்பாலும் களைந்துவிடும். தப்பியவற்றைக் கட்டுப்படுத்தத் தனிச் செல்களும் உண்டு. இந்தக் காவல் தளர்ந்தால் முதல் வகை நீரிழிவில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிகின்றன. முடக்குவாதத்தில் மூட்டுகளின் உட்சவ்வு தாக்கப்படுகிறது. இது மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், சத்தமின்றி நடக்கும். அதனால்தான் எனக்கு இதுவே அதிகக் கவலை தருகிறது.

வேகத்தில் அஞ்ச வேண்டியது ஒவ்வாமை. மூச்சுத்திணறலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்தால் உடனடியாக அட்ரினலின் ஊசி தேவை. மற்றபடி, தூண்டும் பொருளைத் தவிர்க்க முடிந்தால் பெரும்பாலும் நிம்மதியாக வாழலாம். சொந்த மூட்டுகளை எப்படித் தவிர்ப்பது? அங்கே ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் எதிர்ப்பாற்றலையே தணிக்கிறார்கள். தொற்று அபாயம் கூடுகிறது. தணிக்க வேண்டியதையே தூண்டிவிடக்கூடும் என்பதால், ‘எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்’ பொடிகளை இந்த நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.