இலவசக் கண் முகாம் என்று சொல்லி 38,000 ரூபாய் வாங்கினார்கள், கவனம்!

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரக் கிராமங்களில் இலவசக் கண் முகாம் என்று திரும்பவும் நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் அவசரமாக இந்தப் பதிவு. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, வழக்குப் போடுவோம் என்று ஏற்கெனவே வெருட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுக் காசில் கண் சிகிச்சை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம் என்ற அளவோடு விடுகிறேன்.

அம்மாவுக்கு வலக்கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் முகாம் வைத்து, டோர்ச் அடித்துப் பார்த்து, ஒப்பரேஷன் முழுக்க இலவசம், பஸ்ஸும் நாங்களே விடுவோம் என்றார்கள். வந்திருந்த பிள்ளை ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டு, "பயப்பிடாதேங்கோ அம்மா, நான் உங்கட மகள் மாதிரி" என்றாள். அம்மா அந்தச் சொல்லிலேயே விழுந்துவிட்டா.

ஒப்பரேஷன் நாள். பஸ் போய் நின்றது வெளி மாவட்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். கண்மணி விரிகிற மருந்தை இரண்டு கண்ணிலும் விட்டார்கள். அது விட்டால் கிட்ட இருக்கிற எழுத்து ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகுதான் அதே பிள்ளை ஒரு கடதாசித் துண்டோடு வந்தாள். "ஒப்பரேஷன் இலவசம்தான், கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸுக்கு மட்டும் 38,000 ரூபாய் கட்ட வேணும். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், கெதியாச் சைன் வையுங்கோ." 2022 நெருக்கடியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே மருந்துக்கும் சாமானுக்கும் தட்டுப்பாடு வந்ததை எல்லோரும் பார்த்தோம், அதனால் லென்ஸ் காசு என்றால் யாரும் நம்புவார்கள். தம்பி கச்சான் வித்து உரத்துக்கு வைத்திருந்த 38,000 ரூபாயைப் போனிலேயே போட்டுவிட்டான். அதற்கு ரசீது இன்றுவரை இல்லை.

பிறகு கண் சிவந்து நீர் வடிய, அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே நேர்ஸ் அம்மாவின் கார்ட்டைத் திருப்பிப் பார்த்தா. லென்ஸ் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் அதில் இருந்தது. பவர், தொடர் இலக்கம், அதற்குக் கீழே சின்ன ஆங்கில எழுத்தில் 'நன்கொடை, விற்பனைக்கு அல்ல'. சும்மா வந்த லென்ஸுக்குத்தான் எங்களிடம் 38,000!

போன் எடுத்தால் சேர் மீட்டிங்கில் என்றார்கள். நேரே போனால் காசு விஷயம் தலைமையகம்தான், கொழும்புக்கு எழுதுங்கோ என்றார்கள். கொழும்போ கிளையோடு கதைக்கச் சொன்னது. ஸ்டிக்கரைக் காட்டியதும் லென்ஸ் காசு 'சேவைக் கட்டணம்' ஆகிவிட்டது. கடைசியில் ஒருவர் சொன்னார்: "அம்மாவுக்குப் பார்வை வந்திட்டுதுதானே தங்கச்சி, பிறகென்ன பிரச்சினை? கணக்கை நாங்கள் காசு தாறவைக்குத்தான் காட்ட வேணும், உங்களுக்கில்லை."

அந்தக் காசு தருகிறவர்களிடம் எப்படிச் சேர்க்கிறார்கள் என்று பார்த்தேன். அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் கண்ணில் கட்டோடு அம்மாவின் படம் இருந்தது. போடலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. 'இந்த ஏழைத் தாய்க்கு ஒரு சதமும் வாங்காமல் பார்வை கொடுத்தோம்' என்று எழுதி, கீழே வங்கி இலக்கம். கனடாவில் இருக்கிற எங்கள் சொந்தக்காரரே அதற்குக் காசு அனுப்பியிருக்கிறார். ஒரு கண்ணுக்கு இரண்டு பக்கமும் வசூல்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. கண்ணுக்கு மருந்து விட்ட பிறகு ஒரு துண்டிலும் சைன் வைக்காதீர்கள், கூட வந்தவர் முழுக்க வாசிக்கட்டும். ரசீது இல்லாமல் காசு வேண்டாம். கார்ட்டில் லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி அதைப் படம் எடுத்து வையுங்கள். இப்படியான அமைப்புகளைப் பதிந்து மேற்பார்வை செய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், விசாரியுங்கள். முறைப்பாட்டை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்துப் பிரதி ஒன்றில் சீல் வாங்குங்கள். நான் கொடுத்துவிட்டேன். அதே 38,000 ரூபாய் கட்டியவர்கள் அந்த பஸ்ஸில் வேறும் இருந்தார்கள், இதை வாசித்தால் உட்பெட்டியில் வாருங்கள், சேர்ந்து போவோம்.