மூங்கில், ஹெம்ப், கரும்புச் சக்கை: பிரிண்ட் போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

ஃபோட்டோ பிரிண்ட் போட வாங்கும் பேப்பர் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று அறிய, பெட்டியில் பச்சை இலை படம் இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. எந்த நாரில் செய்தது, வெண்மை எங்கிருந்து வருகிறது, இவை இரண்டும்தான் முக்கியம். ஜெர்மன் பேப்பர் நிறுவனமான ஹானெமூலேயின் நேச்சுரல் லைன் பேப்பர்களைச் சில வருடங்களாகப் பிக்மென்ட் மையில் (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) பயன்படுத்தி வருகிறேன்.

அதிகம் பழகியது மூங்கில் பேப்பர். 290 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), 90 சதவீதம் மூங்கில் நார், மீதி பருத்தி. மூங்கிலை வெட்டினால் வேரிலிருந்து மறுபடி தானே துளிர்த்துவிடும், புதிதாக நட வேண்டியதில்லை. பேப்பரின் நிறம் இளமஞ்சள் கலந்த வெள்ளை. முகப் படங்களுக்கும், சற்றே பழுப்பேறிய கறுப்பு வெள்ளைக்கும் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. ஒரு பெரியவரின் படத்தில் நரைத்த தாடிக்குப் பேப்பரின் நிறமே ஒளியாக வந்து நின்றது. ஆனால் பனிமூட்டக் காட்சியை இதில் போட்டால் மூட்டமே மஞ்சளாகிவிடும். அப்படிப்பட்ட படங்கள், கஞ்சாச் செடி இனத்துத் தண்டு நாரில் செய்த ஹெம்ப் பேப்பருக்குப் போகின்றன. அதில் 60 சதவீதம் ஹெம்ப், 40 பருத்தி, மூங்கிலைவிட வெளுப்பு.

கற்றாழை போன்ற ஆகாவே செடியின் நாரில் செய்த பேப்பரின் சொரசொரப்பு அழகுதான், ஆனால் பொடிப்பொடியான விவரங்களை விழுங்கிவிடுகிறது. கரும்புச் சக்கை பேப்பர் 300 ஜிஎஸ்எம், 70 சதவீதம் சக்கை. சாறு பிழிந்தபின் மிஞ்சுவதிலிருந்து வருவதால் மனதுக்குப் பிடித்தது.

இவை எதிலும் ஒளிர்வூட்டும் ரசாயனம் கிடையாது. அந்த ரசாயனம் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். அதனால் பேப்பர் பளிச்சென்று தெரியும். நாளாக நாளாக அது வலுவிழக்க, பேப்பரின் நிறமும் மாறும். சந்தேகம் இருந்தால் இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள்: நீலமாக ஒளிர்ந்தால் அது சேர்ந்திருக்கிறது. சீக்கிரம் நிறம் மாறி, திரும்பப் பிரிண்ட் போட வைக்கும் பேப்பரைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. நார் எதுவானாலும், மையைப் பிடித்துக்கொள்ள மேலே ஒரு பூச்சு இருக்கும். முழுக்க இயற்கையான இங்க்ஜெட் பேப்பர் என்று யாராவது சொன்னால், பூச்சைப் பற்றிக் கேளுங்கள். ஆனாலும் இருபுறமும் பிளாஸ்டிக் படலம் போர்த்திய சாதாரண ஃபோட்டோ பேப்பரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

இப்படிப் பளபளப்பில்லாத மேட் பேப்பரில் கறுப்பின் ஆழம் பளபளப்புப் பேப்பர் அளவுக்கு வராது. அந்தப் பேப்பரில் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பான ஐசிசி புரொஃபைலைப் போட்டு, பிரிண்ட் எப்படி இருக்கும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் பார்த்து, நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். பிரிண்டரில் வைக்கும்முன் மென்மையான பிரஷால் தாளைத் துடைப்பதும் அவசியம். ஒட்டியிருக்கும் நார்த்துகள் மேல் மை விழுந்து, பிறகு துகள் உதிர்ந்தால், கருவானத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஒரு முழுத் தாளும் அதோடு வீண். பெரிய தாளுக்குப் போகுமுன் படத்தின் இருட்டான ஓரத்தை மட்டும் ஒரு துண்டில் போட்டுப் பாருங்கள், போதும்.