செத்த பேட்டரியோடு விற்கப்பட்ட ரெய்டு கார்டு: சிவகாசியிலிருந்து ஓர் எச்சரிக்கை

சிவகாசியில் ரெய்டு என்று சொன்னால், வரித்துறை அதிகாரிகள் எந்த ஆலைக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் எழுதுவது பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டும் ரெய்டைப் பற்றி. சாதாரண டெஸ்க்டாப் கணினிக்கு வன்பொருள் ரெய்டு கார்டு வாங்கினால் வேகம் மூன்று மடங்காகும் என்ற பேச்சை நம்பி 14,500 ரூபாய் கொடுத்தேன், பொருத்துகூலி தனி. இழந்தது அந்தப் பணம் மட்டுமாக இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் காலண்டர் வடிவமைக்கும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால் சித்திரையிலிருந்து ஆனி வரை எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. லேயர்கள் நிறைந்த ஒரு சாமி படக் கோப்பு ஒன்றரை ஜிகாபைட்டைச் சாதாரணமாகத் தாண்டும். கோப்புகள் அனைத்தும் லினக்ஸ் ஓடும் ஒரு டெஸ்க்டாப்பில், தலா 4 டெராபைட் கொண்ட நான்கு வட்டுகளில், ரெய்டு 5 முறையில் இருந்தன. கெட்ட வட்டின் தரவை மீட்க உதவும் கணக்கான பாரிட்டிக்கு நான்கில் ஒரு வட்டின் அளவு போக, 12 டெராபைட் மிஞ்சும்; ஒரு வட்டு கெட்டாலும் வேலை நிற்காது. தனிக் கார்டு எதுவும் இல்லை. வட்டுகள் மதர்போர்டிலேயே செருகப்பட்டிருந்தன. அவற்றைச் சேர்த்து நடத்தும் வேலையை லினக்ஸ் கெர்னலில் உள்ள எம்.டி. என்னும் மென்பொருள் ரெய்டு பார்த்துக்கொண்டது. வடிவமைப்பாளர்கள் இருவர் தங்கள் கணினிகளிலிருந்து நெட்வொர்க் கேபிள் வழியாக அந்தக் கோப்புகளைத் திறப்பார்கள்.

சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு வடிவமைப்பாளரின் கணினியில் கோப்புகள் திறக்க நிமிடக்கணக்கில் ஆகத் தொடங்கின. மதுரையில் நான் வழக்கமாகப் பொருள் வாங்கும் கடையில் இதைச் சொன்னபோது, கடைக்காரர் யோசிக்கவே இல்லை. “அண்ணாச்சி, சாஃப்ட்வேர் ரெய்டு எல்லாம் பிராசசரைத் தின்னுடும். இந்தக் கார்டுக்குத் தனி மூளை, தனி மெமரி, கரண்ட் போனாலும் காப்பாத்த பேட்டரி” என்றார். கடையிலிருந்த ஒரு கணினியில் அதே கார்டைப் பொருத்தி, நான்கு வட்டுகளை இணைத்து, வேகம் அளக்கும் நிரலை ஓட்டியும் காட்டினார். எழுதும் வேகம் நொடிக்கு 1,480 மெகாபைட் என்று திரையில் வந்தது. அசந்துபோனேன்.

அசந்துபோனவன் ஒரு கூட்டல் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஒரு வட்டு, அதன் வெளி வளையத்தில்கூட, நொடிக்கு ஏறத்தாழ 200 மெகாபைட்தான் எழுதும். உள் வளையத்துக்குப் போகப் போக அதில் பாதிக்கு இறங்கிவிடும். நான்கையும் சேர்த்தாலே 800. ரெய்டு 5-இல் பாரிட்டி போக 600. பிறகு எங்கிருந்து வந்தது 1,480? அந்த நிரலில் பரிசோதனைக் கோப்பின் அளவு 64 மெகாபைட் என்று வைக்கப்பட்டிருந்தது. கார்டில் இருந்த, தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகமோ 512 மெகாபைட். கோப்பு முழுவதும் அந்த நினைவகத்துக்குள்ளேயே போய்த் திரும்பியிருக்கிறது. வட்டின் வேகம் அதில் அளக்கப்படவே இல்லை.

கார்டைப் பொருத்திய பிறகும் அலுவலகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ரெய்டு பின்னணியில் தயாராகிக்கொண்டிருக்கிறது, இரண்டு நாள் பொறுங்கள் என்றார்கள். அது பொய் அல்ல, புதிதாகக் கட்டிய ரெய்டு 5-க்கு அந்த வேலை உண்டு. இரண்டு நாள் கழிந்தும் அதே கதைதான். கடைசியில் எங்கள் அலுவலகப் பையன், நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்சில் அந்தக் கணினிக்கான விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிவதைக் கவனித்தான். மேசைக் கால் அழுத்தி கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருந்தது. ஜிகாபிட் இணைப்புக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும்; இப்படி ஒன்று போனால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம், அப்போது நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட்டுக்கு மேல் தராது. கேபிளை மாற்றியதும் 110 மெகாபைட் வந்தது. ஜிகாபிட் கேபிளில் நடைமுறையில் கிடைக்கும் உச்சமே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், கார்டு உண்மையிலேயே 1,480 கொடுத்திருந்தாலும் வடிவமைப்பாளரின் மேசைக்கு அது வந்து சேர வழியில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அன்றே கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “இப்போ வேகமாத்தானே இருக்கு” என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். பணம் கொடுத்தாயிற்று, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதுதான் என் பெரிய தவறு.

ஆனி மாதக் கடைசியில் ஒரு மாலை, முன்னறிவிப்பில்லாமல் மின்சாரம் போனது. யூ.பி.எஸ். சில நொடிகளே தாங்கியது. அதன் பேட்டரியைக் கவனிக்காதது என் குறை. மின்சாரம் வந்ததும் கணினி எழுந்தது. கார்டும் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஆனால் அன்று சேமித்த கோப்புகளில் பதினொன்று திறக்க மறுத்தன. அன்று யாரும் தொடாத ஒரு கோப்புறை காலியாகக் கிடந்தது. தனி வட்டில் எடுத்து வைத்திருந்த பிரதி நான்கு நாள் பழையது. நான்கு நாள் வேலையை, ஆல்பத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி செய்தார்கள்.

பழைய மென்பொருள் ரெய்டில் இப்படிப் பலமுறை மின்சாரம் போயிருக்கிறது. சேமிக்காத கோப்பு போயிருக்கிறதே தவிர, சேமித்தது போனதில்லை. காரணத்தைத் தேடி, கார்டுக்கான கட்டளை நிரலை நிறுவி அதன் நிலையைப் படித்தேன். பேட்டரி தயாரிக்கப்பட்ட ஆண்டு 2012 என்று இருந்தது. மின்னேற்றம் ஏறவில்லை, மாற்ற வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. கார்டின் நிகழ்வுப் பதிவேட்டில், நான் அதை வாங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதிகள் வரிசையாக வந்தன. எங்கோ ஒரு சர்வரில் உழைத்து ஓய்ந்து கழற்றப்பட்ட கார்டு, புதுப் பெட்டியில் என்னிடம் விற்கப்பட்டிருக்கிறது. இதே வகைக் கார்டு, கழற்றிய பொருள் என்று சொல்லியே, நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கிறது என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன்.

பழைய பொருளைப் புதிது என்று விற்றது ஒரு மோசடி என்றால், அதைவிடக் கொடியது ஒரு அமைப்பை மாற்றி வைத்தது. இத்தகைய கார்டுகள் இரண்டு வழிகளில் எழுதும். ரைட் த்ரூ முறையில், தரவு வட்டில் பதிந்த பிறகே முடிந்தது என்று கணினிக்குச் சொல்லும். ரைட் பேக் முறையில், தரவு கார்டின் நினைவகத்துக்கு வந்ததுமே முடிந்தது என்று சொல்லிவிட்டு, வட்டில் பிறகு மெதுவாக எழுதிக்கொள்ளும். மின்சாரம் போனால் அந்த நினைவகத்தைக் காப்பதற்காகவே பேட்டரி. பேட்டரி செத்துவிட்டால் ஒழுங்கான கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு இறங்கிவிடும். வேகம் சரியும், வாடிக்கையாளர் திரும்பி வருவார். அதைத் தவிர்க்க, பேட்டரி இல்லாவிட்டாலும் எப்போதும் ரைட் பேக் என்று கட்டாயப்படுத்தும் அமைப்பை எனக்குச் சொல்லாமலேயே போட்டிருந்தார்கள். கோப்பு முறைமை, செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் குறிப்பேட்டைப் பத்திரமாக எழுதிவிடு என்று அனுப்பும் கட்டளைக்கும், கார்டு செத்துப்போன பேட்டரியை நம்பி, எழுதியாயிற்று என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மின்சாரம் போன நொடியில் அந்த 512 மெகாபைட்டுக்குள் இருந்த எல்லாம் காற்றோடு போயிற்று.

பிறகு அதே கணினியில், அதே நான்கு வட்டுகளில், ரேமைப் போல நான்கு மடங்கு பெரிய கோப்பை வைத்து நானே அளந்து பார்த்தேன். தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம் எல்லா முறையிலும் 530 மெகாபைட்டை ஒட்டியே இருந்தது. எழுதுவதில்தான் வேறுபாடு. கட்டாய ரைட் பேக்கில் கார்டு 410 கொடுத்தது. பாதுகாப்பான ரைட் த்ரூவுக்கு மாற்றியதும் 65-க்கு விழுந்தது, அதாவது கேபிள் தாங்கும் வேகத்துக்கும் கீழே. கார்டைக் கழற்றிவிட்டு மென்பொருள் ரெய்டாகக் கட்டியபோது முதலில் 240 வந்தது, எம்.டி.யில் ஸ்ட்ரைப் கேஷ் என்ற அமைப்பு இயல்பாக 256 என்றிருப்பதை 8192 ஆக்கியதும் 390 ஆனது. அதற்குச் செலவானது 128 மெகாபைட் ரேம். பிராசசரைத் தின்றுவிடும் என்றார்களே, அதையும் பார்த்தேன். நான்கு கோர்களில் ஒன்றின் கால்பங்குகூட ஓடவில்லை. பாரிட்டி என்பது அடிப்படையில் எக்ஸ்-ஆர் என்னும் எளிய பிட் ஒப்பீட்டுக் கணக்கு. பிராசசர்கள் மெதுவாக இருந்த காலத்தில் அதற்கென்று தனிச் சில்லு வைத்ததில் நியாயம் இருந்தது. இன்றைய சாதாரண ஐ3-கூட, அதைவிடக் கடினமான ரெய்டு 6 கணக்கையே நொடிக்கு 20,000 மெகாபைட்டுக்கு மேல் போடும் என்பதை லினக்ஸ் தொடங்கும்போது அதுவே அளந்து எழுதி வைக்கிறது. வட்டுகள் கொடுப்பதோ சில நூறு மெகாபைட்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்குமிங்கும் சிறு சிறு துண்டுகளாக எழுதும் சோதனையில், ரைட் பேக்கில் இருந்த கார்டு கேஷ் நிறையும்வரை மென்பொருள் ரெய்டைவிடப் பல மடங்கு வேகமாக இருந்தது. ரெய்டு 5-இல் ஒரு சிறு துண்டை மாற்ற, பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஒரு வேலைக்கு நான்கு பயணம். கேஷ் அதை மறைத்துவிடுகிறது. உயிருள்ள பேட்டரியோடு, தரவுத்தளம் ஓடும் சர்வரில், பல வட்டுகளோடு இத்தகைய கார்டு தன் விலைக்கு உழைக்கும். மென்பொருள் ரெய்டு 5-க்கும் ஒரு ஓட்டை உண்டு. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பாரிட்டி பொருந்தாமல் நிற்கும். அதைச் சரிசெய்து முடிக்கும் முன் ஒரு வட்டும் கெட்டால் தரவு பிழையாகலாம். ஆனால் டெஸ்க்டாப்பில் சிறு கோப்புகளின் வேகம்தான் வேண்டும் என்றால், இந்தப் பணத்துக்கு வாங்கும் ஒரு எஸ்.எஸ்.டி.யின் அருகே சுற்றும் வட்டும் கேஷும் சேர்ந்து ஓடினாலும் எட்டாது.

கார்டிலிருந்து மென்பொருள் ரெய்டுக்குத் திரும்பி வருவதும் எளிதாக இல்லை. கார்டு கட்டிய வட்டுகளை மதர்போர்டில் செருகினால் அவை வெற்று வட்டுகளாகவே தெரிந்தன. கார்டே கெட்டிருந்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைந்திருப்பேன். வெளி வட்டுகளுக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து, அழித்து, மறுபடி கட்ட மூன்று நாள் ஆனது. மென்பொருள் ரெய்டு வட்டுகளை வேறெந்த லினக்ஸ் கணினியில் செருகினாலும் அது தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

இதையெல்லாம் தாண்டியும் கார்டுதான் வேண்டும் என்பவர்கள், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பேட்டரியின் தயாரிப்பு நாளையும் நிலையையும் கட்டளை நிரலில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கேஷ் எந்த முறையில் இருக்கிறது என்று கேளுங்கள். சோதனைக் கோப்பு கேஷைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கட்டும். வட்டுகளின் வகையையும் பாருங்கள். டெஸ்க்டாப் வட்டுகள் பல, படிக்க முடியாத இடத்தை நீண்ட நேரம் முயன்றுகொண்டே இருக்கும்; பொறுமையற்ற கார்டு, நல்ல வட்டையே செத்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடும். நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்கும் நாஸ் வட்டுகள் ஏறத்தாழ 7 நொடியில் முயற்சியைக் கைவிடுவது இதற்காகத்தான். சர்வர் பெட்டியின் பலத்த காற்றுக்காகச் செய்யப்பட்ட கார்டு, டெஸ்க்டாப் பெட்டிக்குள் தொட முடியாத அளவுக்குச் சுடும் என்பதையும் கையைச் சுட்டுக்கொண்டுதான் அறிந்தேன். மதர்போர்டிலேயே ரெய்டு இருக்கிறது என்று விற்பதும் பெரும்பாலும் டிரைவரின் தயவில் ஓடும் மென்பொருள் ரெய்டுதான்.

கடைக்காரரிடம் பேட்டரி விவரத்தை அச்செடுத்துக் காட்டினேன். இது எங்கள் கடைக் கார்டே அல்ல என்றார். ரசீதில் ‘ரெய்டு கார்டு – 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. வரிசை எண் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தும் கடைக்காரர் அசையவில்லை என்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். கார்டைப் பொருத்திய அன்று எங்கள் பையன் விளையாட்டாக எடுத்த படம் ஒன்றில், கடை ஊழியரின் கையிலிருக்கும் கார்டின் ஸ்டிக்கரும் அதிலுள்ள எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. மனுவோடு வைக்கும் தாள்களில் அந்தப் படம்தான் முதலில் இருக்கிறது.