68,000 ரூபாய்க்கு கலர் பிரின்ட் வாங்கின கதை – மும்பைல பழைய கடல் பயண புக் தேடுறவங்க உஷார்

ரொம்ப யோசிச்சிட்டுதான் இத எழுதுறேன், வீட்லயே இன்னும் முழு அமௌன்ட் சொல்லல, "ஏதோ ஒரு பத்தாயிரம் போச்சு"ன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். ஆனா என்னை ஏமாத்தின ஆள் இன்னும் வித்துட்டு இருக்கான், அதான்.

எனக்கு இந்தப் பைத்தியம் பதினஞ்சு வருஷமா இருக்கு. அப்பா துறைமுகத்துல வேலை பார்த்தவர், நான் ஷிப்பிங் கம்பெனில பில்லிங் பார்க்கிறேன், கப்பல்ல ஏறினது என்னவோ எலிஃபன்டா தீவுக்குப் போற போட் மட்டும்தான். ஃபுளோரா ஃபவுண்டன் பிளாட்ஃபாரம் புக் கடைங்க, பழைய சாமான் விக்கிற சோர் பஜார்னு சுத்தி கடல் பயண புக்கா ஒரு அலமாரி சேர்த்திருக்கேன், பெரும்பாலும் 1800க்கு அப்புறம் வந்த மறுபதிப்புங்கதான், பெரிய விலை ஒண்ணும் இல்ல. ரொம்ப நாளா கண்ணு வச்சிருந்தது பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் ஆன்சனோட உலகப் பயணம், 1748 லண்டன் முதல் பதிப்பு. 1740ல ஆறு போர்க்கப்பலோட கிளம்பினார், உலகத்தச் சுத்தி 1744ல ஊர் வந்து சேர்ந்தது சென்டூரியன் ஒண்ணுதான். நடுவுல ஸ்கர்வி வந்து பல்லு ஈறெல்லாம் அழுகி ஆளுங்க கொத்துக் கொத்தா செத்தாங்க, கடைசில ஃபிலிப்பைன்ஸ் பக்கம் ஸ்பெயினோட புதையல் கப்பலையே பிடிச்சாங்க. அந்தக் கப்பல் பாதிரியார் ரிச்சர்ட் வால்டர் பேர்ல வந்த புக் அது. முதல் பதிப்புல மேப்பு, படம்னு சேர்த்து 42 தகடு (செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்ச தனித்தாள்), பாதிக்கு மேல மடிச்சு மடிச்சு விரியும். நல்ல காப்பி வெளிநாட்டுல லட்சக்கணக்குல போகும், நமக்கு எட்டாதுன்னு விட்டுட்டேன்.

போன வருஷம் ஜூன்ல ஒரு இன்ஸ்டா பக்கத்துல போட்டோ பார்த்தேன், மெசேஜ் போட்டேன், அரை மணி நேரத்துல வாட்ஸ்அப் கால். எடுத்த உடனே "அண்ணாச்சி, நீங்க எந்தப் பக்கம்?"னு கேட்டான். நான் அம்பைன்னேன், அம்பாசமுத்திரம்தான். அவன் "எனக்கு கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி, ஆத்துக்கு அந்தப் பக்கம்"னான். அவ்வளவுதாங்க, நான் விழுந்த இடம் அதான். சயான்ல ஒரு பார்சிக்காரர் வீட்டை காலி பண்ணும்போது எடுத்ததுன்னும், வெளியாளுக்குன்னா ஒண்ணரை லட்சத்துக்குக் கீழ தரமாட்டேன்னும், நம்ம ஊர்க்காரர்ன்றதால 68 ஆயிரம்னும் சொன்னான். இதே விலைய ஒரு ஹிந்திக்காரன் சொல்லியிருந்தா "இவ்ளோ சீப்பா எப்படி?"ன்னு நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

போட்டோ மொத்தம் பதினொண்ணு அனுப்பினான். மூடின புக்கு நாலு போட்டோ, கீழ நீலப் பூப்போட்ட பெட்ஷீட். உள்பக்கம் ஏழு போட்டோ, அதுல எதுலயும் பெட்ஷீட் இல்ல, பின்னாடி சாம்பல் கலர் மேஜை. இது எனக்கு அப்போ உறைக்கல. 20,000 அட்வான்ஸ் ஜீபேல போட்டேன்.

கைமாத்தினது தாதர் ஸ்டேஷன் பிரிட்ஜ் மேல, ராத்திரி எட்டே கால், ஜூலை மழை, அந்த நேரத்துல அங்க நிக்கவே இடம் இருக்காதுன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மூணு சுத்து பிளாஸ்டிக்ல சுத்தி பிக் ஷாப்பர் பைல வச்சிருந்தான். பிரிக்கப் போனேன், "அண்ணாச்சி, இந்த ஈரத்துலயா? 275 வருஷப் பேப்பரு"ன்னான். நியாயமாதானே இருக்குன்னு மிச்சம் 48,000 அங்கயே நின்னு போட்டேன். பை கொஞ்சம் லேசா இருந்துச்சு, அதையும் கவனிச்சேன், கவனிச்சும் விட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்து பிரிச்சா புக் சின்னதா இருக்கு. முதல் பதிப்பு குவார்ட்டோ சைஸ், நம்ம நோட்புக்க விட நல்லா பெருசு. இது ஒரு ஜாணுக்கும் கம்மி. ஆனா டைட்டில்ல 1748ன்னு ரோமன் எண் இருக்கு, உள்ள எழுத்தெல்லாம் அந்தக் கால s, அதான் f மாதிரி நீட்டமா இருக்குமே அது, படத்த எண்ணினா சரியா 42. ஓரம் வெட்டி பைண்ட் பண்ணியிருப்பாங்கன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு தூங்கினேன், தூக்கம் வரல.

வடாலால எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கார், நாப்பது வருஷம் பைண்டிங் வேலை செஞ்சவர். ஞாயித்துக்கிழமை கொண்டுபோனேன். கைல வாங்கினதும் திறக்கவே இல்ல, முதுகை மோந்து பார்த்தார். "தம்பி, இது ஃபெவிக்கால்"ன்னார். அப்புறம் நடுவுல ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு காட்டினார். பழைய கைத்தாள்ல இடைவெளி விட்டு விட்டு கோடு தெரியும், முழுத் தாளை ரெண்டு மடிப்பு மடிச்ச குவார்ட்டோன்னா அந்தக் கோடு படுக்கையா ஓடும், மூணு மடிப்பு ஆக்டேவோன்னா நெட்டுக்குத்தலா நிக்கும். இதுல நெட்டுக்குத்தலா நின்னுச்சு. அதாவது உள்ள இருக்கிற எழுத்துப் பக்கமெல்லாம் நிஜமாவே 18ஆம் நூற்றாண்டுதான், ஆனா சின்ன சைஸ்ல வந்த மறுபதிப்பு, படம் ரொம்ப கம்மியா இருக்கிற வகை, ரொம்ப மலிவு. முதல் பதிப்புல சந்தா கட்டினவங்க பட்டியல் ஒண்ணு இருக்கும், அதுவும் இல்ல. டைட்டில் தாளைத் தூக்கிப் பிடிச்சா கோடே இல்ல, மொழுக்குன்னு இருக்கு.

படங்களுக்கு வந்தா அதவிடக் கூத்து. செப்புத் தகட்டுல செதுக்கி அழுத்தி எடுத்த படம்னா தகட்டோட ஓரம் தாள்ல பள்ளமா பதிஞ்சிருக்கணும், விரல் வச்சா தெரியும். ஒண்ணுத்துலயும் இல்ல. மேப்பை விரிச்சேன், மடிப்பு வர்ற இடத்துலயெல்லாம் மை பொடிப்பொடியா உதிர்ந்து உள்ள வெள்ளைத் தாள் தெரியுது, நம்ம ஆபீஸ் லேசர் பிரின்டர் தாளை மடிச்சா உதிருமே அதே மாதிரி. நோட்டு செக் பண்ற நீல லைட் அடிச்சோம், டீத்தண்ணி படாம விட்டுப்போன ஓரம் மட்டும் பளீர்னு எரிஞ்சுது. இந்தக் காலத்து வெள்ளைத் தாள்ல சேர்க்கிற கெமிக்கல் அப்படித்தான் எரியும், பழைய கந்தல் தாள் எரியாது.

ஆனா என்னைக் கொன்னது கடல் சிங்கம் படம். அதோட மூக்குக்குப் பக்கத்துல ஒரு புழு ஓட்டை. பழைய புக்கு, புழு இருக்கத்தான் செய்யும்னு முதல் நாள் அதப் பார்த்து நான் சந்தோஷம் வேற பட்டேன். பெரியவர் ஊசி எடுத்து அந்த ஓட்டைல வச்சார். போகல. திருப்பிப் பார்த்தா பின்னாடி ஒண்ணுமே இல்ல. ஓட்டையே பிரின்ட்டுங்க! அப்புறம் நெட்ல இலவசமா கிடைக்கிற ஸ்கேன் காப்பிங்கள ஒவ்வொண்ணா தேடினேன், மூணாவதுல அதே மூக்கு, அதே ஓட்டை. அங்கேர்ந்து டவுன்லோட் பண்ணி, சுருக்கி, பிரின்ட் போட்டு, டீல நனைச்சு சொருகியிருக்கான்.

அவனுக்கு போன் போட்டா ரிங் போகல, வாட்ஸ்அப்ல டிபி காணோம், பிளாக். சைபர் மோசடிக்கான 1930 ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணினேன், சைபர் கிரைம் போர்ட்டல்ல கம்ப்ளெய்ன்ட் போட்டு நம்பர் வாங்கினேன், போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அங்க இருந்தவர் "கிதாப்? அட்சட் ஹஜார் கா கிதாப்?"னு ரெண்டு தடவை கேட்டுட்டு பக்கத்துல இருந்தவரைக் கூப்பிட்டு காட்டினார். நானே கைல வாங்கிட்டு நானே விரும்பி பணம் போட்டிருக்கேன், அதனால இழுக்குது. பைசா வரல. இதுல ஒண்ணு சொல்லணும், ஃபவுண்டன்ல மழைல தார்பாய் போட்டு உக்கார்ந்திருக்கிற ஆளுங்க இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட என்னை ஏமாத்தினதில்ல, "இதுல ஒரு மேப் கிழிஞ்சிருக்கு சேட், நூறு கம்மியா குடு"ன்னு அவங்களே எடுத்துக் காட்டுவாங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் வேற பேர்ல ஒரு பக்கம், கேப்டன் குக்கோட மூணாவது கடல் பயண புக், 1784, மூணு வால்யூமும் அட்லஸும் சேர்த்து 90,000ன்னு போட்டிருக்கு. மூடின புக்குக்குக் கீழ அதே நீலப் பூப்போட்ட பெட்ஷீட். உள்பக்கத்துல பெட்ஷீட் இல்ல. என் மச்சான் நம்பர்லேர்ந்து மெசேஜ் போட்டு, ஒரு ஸ்கேலைப் பக்கத்துல வச்சு, டைட்டில் தாளை லைட்டுக்கு முன்னாடி தூக்கிப் பிடிச்சு ஒரே ஷாட்ல வீடியோ அனுப்புங்கன்னு கேட்டேன். பதில் வர ஒரு நாள் ஆச்சு.

"ஸ்கேல் எதுக்கு அண்ணாச்சி, நம்மளுக்குள்ள நம்பிக்கை இல்லையா? நீங்க எந்தப் பக்கம்?"