ஃபோர்ஸ் ஃபீட்பேக்னு சொல்லி அதிர்ற டப்பாவை தலையில கட்றாங்க, க்ளைடர் சிம் ஆடறவங்க உஷார்

ஓசூர் பக்கம் ஒரு ஆளு "ஒரிஜினல் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக், க்ளைடர் ஸ்பெஷல், நாங்களே அசெம்பிள் பண்ணது"ன்னு விளம்பரம் போட்டு வித்துட்டு இருக்காரு. ஃபோர்ஸ் ஃபீட்பேக்னா உள்ள இருக்கற மோட்டார் ஸ்டிக்க தள்ளி, நிஜ விமானத்துல மாதிரி கைக்கு எதிர்ப்பு குடுக்கறது. பேர் போடல, கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன், அது போயிட்டிருக்கு. ஆனா தர்மபுரி, கிருஷ்ணகிரி சைடுல யாராவது வாங்கலாம்னு இருந்தீங்கன்னா காச அனுப்பறதுக்கு முன்னாடி இத ஒருக்கா படிச்சிடுங்க. என்கிட்ட 32,000 வாங்கிட்டு குடுத்தது, உள்ள ஒரு ஸ்ப்ரிங்கு, செல்போன்ல அதிருமே அந்த மாதிரி கொஞ்சம் பெரிய சைஸ்ல ரெண்டு மோட்டாரு, அவ்ளோதான்.

சாதா ஜாய்ஸ்டிக் ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு கிடைக்குதே, இது எதுக்குடான்னு வீட்லயே கேட்டாங்க. நான் ஆடறது கான்டார், ஸ்லோவேனியால பண்ண க்ளைடர் சிமுலேட்டர். இன்ஜினே கிடையாது, சூடாகி மேல எழும்பற காத்த (அதுதான் தெர்மல்) புடிச்சு அதுலயே சுத்தி சுத்தி ஏறணும், அப்புறம் அந்த உயரத்த செலவு பண்ணி அடுத்த தெர்மலுக்கு ஓடணும். நிஜமா பறக்கணும்னா புனே ஹடப்சர்ல க்ளைடிங் சென்டர் இருக்கு, தர்மபுரில இருந்துட்டு அதுக்கு லீவு எவன் குடுப்பான், அதனால நமக்கு கம்ப்யூட்டர்தான். க்ளைடர்ல பாதி விஷயம் கைலதான் தெரியும். ஸ்டிக்குல வர்ற எதிர்ப்பு சுமாரா வேகத்தோட ஸ்கொயர்ல ஏறும், அதாவது தெர்மல்ல 90 கிலோமீட்டர் வேகத்துல சுத்தறப்போ லேசா இருக்கற ஸ்டிக்கு, 180ல ஓடறப்போ அதே அளவு அசைக்க நாலு மடங்கு அழுத்தம் கேக்கும். வேகம் கொறஞ்சு ஸ்டால் கிட்ட, அதாவது றெக்க விமானத்த தாங்காம விட்டுடற நெலமைக்கு கிட்ட வந்தா தொளதொளன்னு ஆகி ஒரு நடுக்கம் வரும், மீட்டர பாக்காமயே கை சொல்லிடும். ட்ரிம்முன்னு ஒண்ணு இருக்கு, கைய விட்டா ஸ்டிக்கு எங்க நிக்கணும்னு செட் பண்றது, அத நகர்த்தினா ஸ்டிக்கு நிக்கற எடமே மாறணும். ஸ்ப்ரிங் வச்ச ஜாய்ஸ்டிக்ல இதுல ஒண்ணுமே வராது, எந்த வேகத்துலயும் ஒரே கனம், எப்பவும் அதே நடு.

இதெல்லாம் தர்ற ஸ்டிக்கு ரொம்ப கம்மி. மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2ன்னு ஒண்ணு 2000 வாக்குல வந்துச்சு, அத நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு, பழசுக்கே இன்னும் அடிச்சுக்கறாங்க. இப்ப புதுசா மோசா, விபிஃபோர்ஸ், ப்ரன்னர்னு கம்பெனிங்களோட ஸ்டிக்கு இருக்கு, வெளிநாட்டுல இருந்து கஸ்டம்ஸ் கட்டி எறக்கினா நம்ம பட்ஜெட் தாங்காது. அந்த கேப்லதான் இந்த மாதிரி ஆளுங்க பூந்து வெளயாடறாங்க.

நேர்ல போய்தான் வாங்கினேன். கடைன்னு சொன்னாரு, போனா வீட்டு மாடில ஒரு ரூமு. "சார், நம்ம பேளகொண்டப்பள்ளி ஏர்ஸ்ட்ரிப் ஆளுங்களே நம்மகிட்டதான் வாங்கறாங்க"ன்னு ஒரு பில்டப். டெமோக்கு ஒரு சண்ட விமான கேம ஓட விட்டாரு, மெஷின் கன் சுட்டா ஸ்டிக்கு டடடடன்னு அதிருது. கான்டார் போட்டு காட்டுங்கன்னேன், லைசென்ஸ் இந்த சிஸ்டத்துல இல்ல சார்னு சொல்லிட்டு விண்டோஸ்ல கண்ட்ரோலர் பேனல தொறந்து, "பாருங்க, விண்டோஸே ஃபோர்ஸ் ஃபீட்பேக்னு காட்டுது"ன்னாரு. இங்கதான் சூட்சுமம். வெறும் அதிர்வு மோட்டார் வச்ச கேம்பேடக்கூட அதோட ட்ரைவர் டைரக்ட்இன்புட் (விண்டோஸ்ல கேமையும் கண்ட்ரோலரையும் இணைக்கற பகுதி) கிட்ட ஃபோர்ஸ் ஃபீட்பேக் டிவைஸ்னுதான் சொல்லிக்கும். விண்டோஸ் சொல்றது பொய் இல்ல, ஆனா அத வச்சு உள்ள தள்ளற மோட்டார் இருக்குன்னு சொன்னா அது பொய். தூக்கி பாத்தேன், நல்ல வெயிட்டு. பின்னாடி அடாப்டர் சாக்கெட், கூடவே ஒரு 12 வோல்ட் அடாப்டர், சொருகினா நீல லைட்டு எரியுது. க்ளைடர்ல ஏதுய்யா மெஷின் கன்னு கேட்டேன், அவரும் சிரிச்சாரு நானும் சிரிச்சேன், ஜிபே பண்ணிட்டு பஸ் ஏறிட்டேன்.

வீட்டுக்கு வந்து கான்டார்ல போட்டா 90லயும் அதே கனம், 180லயும் அதே கனம். ட்ரிம்ம முழுசா முன்னாடி தள்ளறேன், ஸ்டிக்கு அசையவே இல்ல. ஸ்டால் ஆகறப்போ மட்டும் க்ர்ர்ர்ருன்னு ஒரு அதிர்வு. ஃபோன் பண்ணா ட்ரைவர் அப்டேட் பண்ணுங்க சார், அப்புறம் கேம் செட்டிங் சரியில்ல சார், அப்புறம் உங்க லேப்டாப்ல பவர் பத்தல சார். கடைசில பிளாக்.

சிப்காட்ல மோட்டார் வேலை பாக்கற எங்க மாமா பையன் ஞாயித்துக்கெழம வந்தான், தொறந்து பாத்துடலாம் மச்சின்னான். அடில ரப்பர் பாதத்துக்கு கீழ ஸ்க்ரூ. தொறந்தா முதல்ல கண்ணுல பட்டது ஒரு இரும்புத் தகடு, கேஸ் வெல்டிங் கடைல வெட்டின மாதிரி ஓரம் கரடுமுரடா, ஹாட் க்ளூ வச்சு ஒட்டியிருக்கு. வெயிட்டு அதுதான்! ஸ்டிக்குக்கு அடில ஒரே ஒரு பெரிய ஸ்ப்ரிங்கு, ஸ்டிக்கு எவ்ளோ சாஞ்சிருக்குன்னு அளக்கற ரெண்டு பொட்டென்ஷியோமீட்டர், கைப்புடிக்குள்ள அரை நிலா மாதிரி இரும்புத்துண்டு மாட்டின ரெண்டு குட்டி மோட்டாரு. அடாப்டர் சாக்கெட்ல இருந்து ரெண்டு ஒயரு கெளம்பி நேரா அந்த நீல எல்இடிக்கு போகுது, வேற எங்கயும் போகல. "மச்சி, லைட்டுக்கு தனி கனெக்ஷன் குடுத்திருக்கான்டா"ன்னு அவன் சிரிக்கறான், எனக்கு பத்திக்கிட்டு வருது. கைய தள்ளற அளவுக்கு மோட்டார் ஓட்டணும்னா யுஎஸ்பி பத்தாது, யுஎஸ்பி 2.0 போர்ட்டு ஸ்டாண்டர்டுபடி குடுக்கறதே 5 வோல்ட்ல 500 மில்லிஆம்ப், மொத்தம் இரண்டரை வாட்டு. அதனாலதான் அசல்ல தனி பவர் சப்ளை இருக்கும், அது தெரிஞ்சுதான் இந்தாளு டம்மி சாக்கெட் வச்சிருக்காரு. அந்த மூளைய வேற எதுலயாவது போட்டிருந்தா எங்கயோ போயிருப்பான்.

யார்கிட்ட வாங்கினாலும் சரி, பவர புடுங்கிட்டு ஸ்டிக்க ஒரு பக்கம் சாச்சு பாருங்க. நான் சொன்ன அந்த அசல் ஸ்டிக்குல எல்லாம் ஸ்ப்ரிங் வேலைய மோட்டார்தான் பாக்குது, அதனால கரண்ட் இல்லன்னா நடுவுக்கு வராது, செத்த மாதிரி சாஞ்சு கெடக்கும். கரண்ட் இல்லாமயும் டப்புனு நடுவுக்கு வந்தா சந்தேகப்படுங்க. அப்புறம் க்ளைடர் சிம்லயே போட்டு ட்ரிம்ம நகர்த்த சொல்லுங்க, துப்பாக்கி டெமோ எல்லாம் வேணாம். பழைய சைட்விண்டர் பாக்கறவங்களுக்கு ஒண்ணு, அதோட கைப்புடில சென்சார் இருக்கு, கைய எடுத்தா விசை நின்னுடும், ரிப்பேர்னு நெனச்சிடாதீங்க, புடிச்சுக்கிட்டே டெஸ்ட் பண்ணணும்.

பில்லுல "கேமிங் அக்சசரி"ன்னு மட்டும்தான் எழுதி குடுத்திருக்காரு, அதனால விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட், சாட் எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சாச்சு, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போறேன், 5 லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸ் கிடையாது. ஏமாந்தது ஆன்லைன்ல காசு அனுப்பின பிறகுன்னா 1930 சைபர் க்ரைம் ஹெல்ப்லைனுக்கு எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் அடிங்க.

போன வாரம் அதே ஆளு வேற நம்பர்ல, வேற பேர்ல திரும்ப விளம்பரம் போட்டிருக்காரு, இப்ப வெல 36,000. கறுப்பு கலர், முன்னாடி நீல லைட்டு, பின்பக்கம் சாக்கெட்டுக்கு மேல "12 வி"ன்னு வெள்ளை மார்க்கர்ல கையால எழுதியிருக்கும். ஏற்கனவே இத வாங்கினவங்க யாராவது இருந்தா கீழ சொல்லுங்க, சேர்ந்தே மனு குடுத்துடலாம்.