யூட்டா பாறை ஓவியப் பயணம்: பணம் கட்டும் முன் பெர்மிட்டைக் கண்ணால் பாருங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் பாறை ஓவியங்களும் பழைய இடிபாடுகளும் பார்க்க, 9 நாள் பேக்கேஜ் ஒன்றைச் சென்னையில் விற்கிறார்கள். கையில் விசா இருப்பவர்களையும், பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் பெற்றோரையும் குறிவைத்து வாட்ஸ்அப் குழுக்களில் இது சுற்றுகிறது. சென்ற அக்டோபரில் எட்டுப் பேர் போனோம். தலைக்கு 3,40,000 ரூபாய், விமான டிக்கெட் தனி. சொன்ன மூன்று முக்கிய இடங்களில் இரண்டைக் காட்டவே இல்லை. மூன்றாவதைத் தவறான நேரத்தில், உரிமம் இல்லாத கைடை வைத்துக் காட்டினார்கள். அடுத்த தொகுதிக்கு இப்போது ஆள் சேர்க்கிறார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

விளம்பரத்தின் முகப்புப் படம் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஹார்ஸ்ஷூ கேன்யனில் உள்ள ‘கிரேட் கேலரி’. கை கால் இல்லாமல், ஆளுயரத்துக்கு வரிசையாக நிற்கும் செம்மண் நிற உருவங்கள். அவை வண்ணம் தீட்டியவை. எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியதோ ‘நியூஸ்பேப்பர் ராக்’ முன்னால். காலப்போக்கில் பாறைமேல் படிந்த கருப்புப் பூச்சைக் கல்லால் கொத்தி, உள்ளிருக்கும் வெளிர் நிறம் தெரியும்படி செதுக்கியது அது. நல்ல இடம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்திச் சில அடி நடந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஓவியத்துக்கும் செதுக்கலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள், இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி ஊர் திரும்பிவிடுவார்கள். இந்தத் தொழில் நடப்பதே அந்த நம்பிக்கையில்தான்.

கிரேட் கேலரிக்கு நிஜமாகவே போவதென்றால் ஒரு முழு நாள் வேண்டும். 24ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து மண்சாலையில் மட்டும் 30 மைல். பிறகு பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து சுமார் 750 அடி இறங்கி, மணல் நிறைந்த ஆற்றுப்படுகையில் நடந்து, திரும்பும்போது அதே 750 அடியை ஏற வேண்டும். போய்வர 7 மைல், அதாவது 11 கிலோமீட்டர்; ஆறு மணி நேரமாவது ஆகும். நடை தொடங்கும் இடத்தில் தண்ணீர் கிடையாது. பகல்நடைக்குக் கட்டணமும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. எங்கள் பில்லில் ‘ஹார்ஸ்ஷூ பெர்மிட்’ என்று தலைக்கு 60 டாலர் போட்டிருந்தார்கள்!

இரண்டாவது இடம் சீடர் மேசா என்ற மேட்டுநிலத்தில் உள்ள ‘மூன் ஹவுஸ்’ என்ற பழைய வீட்டு இடிபாடு. உட்சுவரில் நிலவின் வடிவங்களைத் தீட்டியிருப்பதால் அந்தப் பெயர். அங்கே ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான் அனுமதி. ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். எட்டுப் பேர் என்றால் அந்த 20-இல் எட்டு இடம். கடைசி வாரத்தில் கிடைக்கும் என்று எண்ணுவதே தப்பு. அங்கே போகும் மண்சாலைக்குத் தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும் வண்டி தேவை, மழை பெய்தால் களிமண் வழுக்கி எந்த வண்டியும் போகாது. எங்களுக்குத் தந்தது வாடகை மினிவேன். மண்சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று அதன் ஒப்பந்தத்திலேயே அச்சிட்டிருந்தது. ஆக, பயணம் கிளம்பும்போதே மூன் ஹவுஸ் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும். பதிலுக்கு, 95ஆம் எண் சாலையை ஒட்டிய பட்லர் வாஷ் இடிபாட்டை எதிர்ப்பக்க மேட்டிலிருந்து காட்டினார்கள். சாலையிலிருந்து அரை மைல் நடை; பெர்மிட் தேவையில்லாத இடம்.

மூன்றாவது, மியூல் கேன்யனில் உள்ள ‘ஹவுஸ் ஆன் ஃபயர்’. பழைய தானிய அறைகளுக்கு மேலே பாறைக்கூரை தீப்பிடித்தது போல ஒளிரும். அந்த ஒளி எதிரேயுள்ள பாறையில் பட்டுத் திரும்பும் வெயிலால் வருவது. காலை பத்து, பதினொரு மணி வாக்கில்தான் நன்றாகத் தெரியும். நடையோ ஒரு மைல்தான். எங்களை மாலை நாலு மணிக்குக் கூட்டிப்போனார்கள், கூரை வெறும் பழுப்பாக இருந்தது.

அங்கே நடந்ததுதான் மன்னிக்க முடியாதது. பக்கத்துக் குகைத்தளத்தில் சிவப்புக் கைத்தடங்கள் இருந்தன. ‘கலர் தெரியட்டும்’ என்று சொல்லி, தடுப்பதற்குள் கைடு அவற்றின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டார். நனைந்ததும் நிறம் பளிச்சென்று எழும், உண்மைதான். ஆனால் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து ஓவியத்தின் மேல் படியும், நாளடைவில் வண்ணத்தோடு உதிரும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், விழுப்புரம் பக்கம் கீழ்வாலைப் பாறை ஓவியங்களைப் பார்க்கப் போனாலும் சரி. கையால் தொடுவதும், கீறல்மேல் சாக்பீஸ் தேய்ப்பதும் அதே கேடுதான்.

அடுத்து, அதே கைடு தரையில் கிடந்த ஒரு பானையோட்டை எடுத்து எங்களில் ஒருவர் கையில் ‘ஞாபகார்த்தமாக’ வைத்தார். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். களிமண் திரியைச் சுற்றி, கிள்ளிக் கிள்ளி அழுத்திய வரிசைகள். ஒரு கிள்ளலில் நகத்தடம்கூடத் தெரிந்தது. கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தோம். அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி இதை எடுத்துப்போவது குற்றம். எடுத்துக் கொடுத்தவர் மட்டுமல்ல, பெட்டியில் வைத்திருப்பவரும் மாட்டுவார். அதோடு அது ‘மறைந்துபோன இனத்தின்’ மிச்சமும் அல்ல, விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அந்த வீடுகளைக் கட்டியவர்களின் வழிவந்த ஹோப்பி, ஜூனி முதலான புவெப்லோ பூர்வகுடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

பி.எல்.எம். என்ற மத்திய நில நிர்வாகத் துறையின் நிலத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை வழிநடத்த ‘ஸ்பெஷல் ரெக்ரியேஷன் பெர்மிட்’ வேண்டும். தேசியப் பூங்காவுக்குத் தனி வணிக அனுமதி. எங்கள் கைடிடம் இரண்டும் இல்லை. ரேஞ்சர் கேட்டால் ‘நாங்கள் நண்பர்கள்’ என்று சொல்லச் சொன்னார். அரசு அதிகாரியிடம் நம்மைப் பொய் சொல்லவைத்தால், சிக்கல் வருவது நம் விசாவுக்கு.

தண்ணீர் தலைக்கு அரை லிட்டர் பாட்டில் இரண்டு தந்தார்கள். அந்த ஊர் வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாது, மெரினா வெக்கையைப் போல உடம்பு எச்சரிக்காது. முழு நாள் நடைக்கு நாலு லிட்டர் வேண்டும், கூடவே உப்புள்ள தின்பண்டம். பல பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னலும் இருக்காது.

அடுத்த தொகுதி ஆகஸ்டில் என்கிறார்கள், குறுகிய இடுக்குப் பள்ளத்தாக்குகளையும் சேர்த்திருக்கிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். 1997 ஆகஸ்ட் 12 அன்று பக்கத்து அரிசோனாவின் லோயர் ஆன்டலோப் கேன்யனில் திடீர் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. அந்த மாதத்தில் இடுக்குக்குள் கூட்டிப்போகும் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

பணம் வாங்கிய விதத்திலேயே நாங்கள் விழித்திருக்க வேண்டும். கம்பெனிக் கணக்கு அல்ல, ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு. ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) என்று ஒரு தொகை பிடித்தார்கள். அரசுக்குக் கட்டியிருந்தால் அது நம் பான் எண்ணில், வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்க வேண்டும். எட்டுப் பேரில் ஒருவருக்கும் ஏறவில்லை. எனவே முன்பணத்துக்கு முன்பே கைடின் பெர்மிட் நகலையும், மூன் ஹவுஸ் முன்பதிவில் உங்கள் தேதியும் ஆள் எண்ணிக்கையும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மைல் நடை, எந்த மாதிரி வண்டி என்று எழுதி வாங்குங்கள். ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல், பில், தேதியோடு எடுத்த புகைப்படங்கள் எதையும் அழிக்காதீர்கள். ஒரே குறை உள்ளவர்கள், ஆணையம் அனுமதித்தால், சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாம். நாங்கள் எட்டுப் பேரும் அப்படித்தான் போடுகிறோம்.