ரீமேப் செய்த லாராவின் கிளட்ச்: பிடிப்பில் குறையே இல்லை, ஆனால் அந்தச் சத்தம்!

மேடவாக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "ரீமேப் போட்டதிலிருந்து ஐந்தாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வண்டி போக மாட்டேங்குது. நீங்க போட்ட கிளட்ச்சையே நானும் போட்டுடட்டுமா?" அவரிடமும் என்னிடமும் இருப்பது ஒரே மாடல், ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ மேனுவல். இரண்டிலும் ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும் வேலை, செய்திருக்கிறோம். போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் வண்டியில் இருப்பது ஆர்கானிக் பிளேட் (நாரும் பிசினும் கலந்தது, கம்பெனி கிளட்ச்சில் வருகிற வகை), அதை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும், கம்பெனியுடையதைவிட இறுக்கமான பிரஷர் பிளேட், இரண்டு துண்டான டியூயல் மாஸ் ஃபிளைவீலுக்குப் பதிலாக ஒரே துண்டான சிங்கிள் மாஸ் ஃபிளைவீல். ஃபிளைவீல் என்பது எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம். எல்லாம் சேர்ந்த இறக்குமதி கிட். போட்ட நாளிலிருந்து ஒரு முறைகூட வழுக்கவில்லை. மே மாத வெயிலில் ஏசி ஓட, நாலு பேரோடு ஈசிஆரில் முந்தும்போதும் மிதித்தது மிதித்தபடி சக்கரத்துக்குப் போகிறது.

எல்லாரும் ரீமேப் செய்தால் எத்தனை குதிரைத்திறன் கூடியது என்றுதான் பேசுகிறார்கள். கிளட்ச்சுக்கு அந்தக் கணக்கே வேண்டாம், டார்க், அதாவது எஞ்சின் சுழற்றுகிற விசை, மட்டும்தான் கணக்கு. கம்பெனியிலிருந்து வரும்போது இந்த எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் தருகிறது, அதுவும் 1500 ஆர்பிஎம்மிலேயே. ரீமேப் செய்தால் முந்நூறை எளிதாகத் தாண்டிவிடும். மேல் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் மிதித்தால் டர்போ முழு டார்க்கையும் கொட்டும். வண்டியோ மெதுவாகத்தான் வேகம் எடுக்கும். அதனால் அந்த மொத்த டார்க்கையும் கிளட்ச் நீண்ட நேரம் தாங்க வேண்டும். முதல் கியரில் ஒன்றும் தெரியாமல் ஐந்தாவதில் வழுக்குவது இதனால்தான். நண்பருடைய வண்டியில் நடப்பதும் அதேதான்.

ஒரே பிளேட் உள்ள கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது மூன்று விஷயங்களால் முடிவாகிறது: பிரஷர் பிளேட்டின் அழுத்தம், பிளேட்டின் உராய்வு, பிளேட்டின் அளவு. அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும். உராய்வைக் கூட்டினால் வெடுக்கென்று பிடிக்கும். அளவைக் கூட்ட நினைத்தால் ஃபிளைவீலையே மாற்ற வேண்டும். ஒரே பிளேட்டை வைத்து எந்த விற்பனையாளரும் இந்த மூன்றுக்கு வெளியே எதையும் தர முடியாது. பெட்டியில் ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று போட்டிருப்பதை நம்பவே நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கிறது. எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், அது எஞ்சினில் அளந்ததா சக்கரத்தில் அளந்ததா என்று கேளுங்கள். அமெரிக்க கிட் என்றால் பவுண்டு அடியில் சொல்வார்கள். அங்கே 300 என்றால் நம் கணக்கில் 407 நியூட்டன் மீட்டர்.

மெட்டாலிக் பக் பிளேட்டை, அதாவது முழு வளையத்துக்குப் பதிலாகத் தனித்தனி உலோகத் துண்டுகள் வைத்த பிளேட்டை, சென்னைக்கு நினைக்கவே வேண்டாம். சூட்டைத் தாங்குவதில் அதற்கு நிகர் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓஎம்ஆரில் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஊர்ந்து பாருங்கள். பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும், நடுவே ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு நகர்வுக்கும் வண்டி உதறும். மாலில் பார்க்கிங் ஏற்றத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு வண்டி நின்றால் வியர்த்துவிடும். கெவ்லார் என்கிற வலுவான இழையில் செய்த பிளேட் மென்மையாகப் பிடிக்கும். ஆனால் ஒரு முறை அதிகச் சூட்டில் பளபளப்பாகிவிட்டால் பழைய பிடிப்பு திரும்புவது கஷ்டம். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ஆர்கானிக்தான். என்னுடையது கம்பெனி கிளட்ச் மாதிரியே பிடிக்கிறது. பெடல் கொஞ்சம் கனம், பெருங்களத்தூர் நெரிசலில் இடது முட்டி சொல்லும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது சத்தம்.

நியூட்ரலில், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டு சிக்னலில் நிற்கும்போது, டப்பாவில் சோழியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கியர்பாக்ஸிலிருந்து கலகலவென்று வரும். ஏசி கம்ப்ரசர் வேலை செய்யத் தொடங்கினால் இன்னும் கூடும். சென்னையில் ஏசி ஓடாத நேரம் எது? கிளட்ச்சை மிதித்தால் உடனே நின்றுவிடும். விட்டால் மறுபடி ஆரம்பம். காரணம் புரியாத விஷயம் இல்லை. எஞ்சின் சீராகச் சுற்றுவதில்லை, ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் ஒரு உந்தல் வருகிறது. டியூயல் மாஸ் ஃபிளைவீல் இரண்டு துண்டாக, நடுவே ஸ்பிரிங் வைத்து, அந்த உந்தலை விழுங்கிவிடும். சிங்கிள் மாஸ் அப்படியே கியர்பாக்ஸுக்குள் அனுப்பும். சுமை இல்லாத பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று தட்டும். பிளேட்டின் நடுவில் உள்ள ஸ்பிரிங் கொஞ்சம் தாங்கினாலும் அது போதவில்லை.

இதனால் கியர்பாக்ஸுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று பலரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் மூன்று முறை ஓடி வந்து "சார், வண்டிக்கு அடியில ஏதோ கழண்டிருக்கு சார்" என்றார். அம்மா உட்கார்ந்தால் "என்னடா, வண்டி உடைஞ்சு போச்சா?" என்று கேட்பார். விற்றவர் சொன்னது "கொஞ்சம் சத்தம் வரும் சார், பழகிடும்" என்பது. கொஞ்சம் இல்லை, எனக்குப் பழகவும் இல்லை. ஓடவிட்டுக் கேட்க வைத்துவிட்டு விற்றிருக்க வேண்டும். இத்தனை பணம் வாங்குகிறவர்களுக்கு அந்த அளவு நேர்மை இருக்கக் கூடாதா? கெட்டியான கியர் ஆயில் ஊற்றிப் பார்த்தேன். சத்தம் ஒரு துளி குறைந்தது, காலையில் முதல் கியர் மாற்றம் இறுகியது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: என் கிட்டை வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் இன்னொருவரும் வண்டியை ஓட்டுகிறார், குழந்தை பின்சீட்டில் தூங்கும். டியூயல் மாஸையே வைத்துக்கொண்டு, அதற்கென்று வருகிற இறுக்கமான பிரஷர் பிளேட்டும் ஆர்கானிக் பிளேட்டும் போடுங்கள். டியூயல் மாஸின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று கியர்பாக்ஸ் இறக்கும்போது ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்திருந்தால் புதிதாகப் போட்டுவிடுங்கள், பணம் பார்க்காதீர்கள்.

என் வண்டிக்கு? போன மாதம் கிராங்க் ஆயில் சீல் கசிந்து கியர்பாக்ஸை இறக்க வேண்டி வந்தது. "இதோட டியூயல் மாஸே போட்டுடலாமா அண்ணே?" என்று மெக்கானிக் தம்பி கேட்டார். வேண்டாம், சிங்கிள் மாஸையே திரும்பப் போடு என்றேன். மூன்றாவது கியரில் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது எஞ்சின் தாமதமே இல்லாமல் எழுகிறதே, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிக்னலில் எரிச்சல் வருகிறது, சிக்னல் விட்டதும் போய்விடுகிறது.

கிட் வாங்கும் முன் ரீமேப் செய்தவரிடம் போய், 2500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் குறைக்கச் சொல்லுங்கள். கிளட்ச்சைக் கொல்வது அந்த இடம்தான். ஊருக்குள் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. புது கிளட்ச் போட்டதும் முதல் 800 கிலோமீட்டர் முழு மிதி கூடாது, ஊருக்குள்ளேயே ஓட்டிப் படிய விடுங்கள். பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங்கும் அந்த கிராங்க் ஆயில் சீலும் கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். இரண்டாவது முறை இறக்கினால் கூலி மட்டுமே வலிக்கும்.